அகற்றப்பட்ட ஒரு கேரியர்

மென்பொருள் நிறுவனங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடங்கள் நாச்சாரத்தில் அப்போது நிறைய முளைத்திருந்தன. காலை பத்தரை மணிக்கெல்லாம் டிபன் கேரியர்கள் வேன்களில் ஏறி மாதாப்பூருக்குப் புறப்பட்டுவிடும். என்னோடு ஊரிலிருந்து வந்தவர்கள் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். உணவுத் தொழில்நுட்பம் படித்த நான், அதைச் சமைக்கும் இடத்துக்குப் போனேன்.

நான் சேர்ந்தது ஒரு சிறிய பயிற்சி அமைப்பு. அதை நடத்திய மேடமும் தமிழ்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு விடுதி பார்த்துக் கொடுத்தவர், தன் மதியச் சாப்பாட்டில் தினமும் பாதியைத் தந்தவர். சமையல் வேலை செய்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புக் கற்றுத்தர மாநில அரசு மானியம் தருகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பத்தை என்னிடமே விட்டார். மூன்று வாரம் எழுதினேன். படித்துவிட்டு, ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம் என்றார். அதை நம்பியது என் முதல் தவறு.

மானியம் கிடைத்தது. முதல் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள். பெரும்பாலும் தெலுங்குக்காரர்கள், ஐந்து பேர் மட்டும் ரயில்வே காலனியில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தனியாகத் தமிழில் வகுப்பு எடுத்தேன். அதில் குழம்பு வைக்கும் அக்கா ஒருவர் எதற்கெடுத்தாலும் 'கைக்கு?' என்பார். அங்கத்திய உருதுவில் அது 'எதுக்கு'. எனக்கு அது தெரியாது. சோப்பைத் தூக்கிக் காட்டினேன்.

"கைக்கு?"

"ஆமாக்கா, கைக்குத்தான்."

"அதான் கேக்கறேன் டீச்சரம்மா, கைக்கு?"

வகுப்பே சிரித்து ஓய்ந்த பிறகு யாரோ எனக்கு விளக்கினார்கள். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு வேண்டியவள் ஆகிவிட்டேன்.

பயிற்சியின் ஒரு பகுதி மலப் பரிசோதனை. காய்ச்சல் எதுவும் இல்லாமலே சிலர் உடம்பில் டைபாய்டு கிருமி தங்கியிருக்கும். ஆங்கிலத்தில் அவர்களைக் கேரியர் என்பார்கள். பரிசோதனைக்கு முன் விண்ணப்பத்தில் இருந்த மூன்று வரிகளை வாசித்துக் காட்டினேன். ஒன்று, முடிவு அவரவருக்கு மட்டுமே சொல்லப்படும். இரண்டு, கிருமி இருந்தால் சிகிச்சை எங்கள் பொறுப்பு. மூன்று, குணமாகும்வரை அதே இடத்தில் உணவைத் தொடாத வேறு வேலை. சமையற்கூடத்தின் முதலாளியும் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு சொன்னேன்: "கேரியருக்கு ஒண்ணும் ஆகாது. அதுலேருந்து சாப்பிடறவங்களுக்குத்தான் வரும்." எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வாக்கியம் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரே ஒருவருக்குக் கிருமி இருந்தது. குழம்பு அக்காவுக்கு. சனிக்கிழமை முடிவுத் தாளை உறையில் போட்டு மேடத்திடம் கொடுத்தேன். திங்கட்கிழமை டாக்டரோடு போய் அக்காவிடம் நானே சொல்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை அக்கா எங்கள் அலுவலக வாசலில் நின்றார். கையில் அவருடைய சொந்த டிபன் கேரியர். புளி போட்டுத் தேய்த்து, கண் கூசும்படி மின்னியது.

"நேத்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். கேரியர்ல டைபாய்டு இருக்காம், இனிமே வேலைக்கு நக்கோ, வர வேணாம்னு மொதலாளி சொல்லிட்டாராம். வெந்நீர்ல போட்டு மூணு தடவ வெளக்கிட்டேன். இன்னொரு வாட்டி பாத்து எழுதிக் குடும்மா."

உட்கார வைத்து, கேரியர் என்றால் என்ன என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நான்தானா?"

"ஆமாக்கா."

"எனக்கு மட்டும்தானே சொல்றதா இருந்துச்சு?"

நான் உள்ளே போனேன். சனிக்கிழமையே முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டதை மேடம் மறைக்கவில்லை. ஆயிரம் பேர் சாப்பிடும் குழம்பில் இரண்டு நாள்கூடத் தாமதிக்க முடியாது என்றார். அது சரி, அதை நானும் மறுக்கவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அவரை இரண்டு நாள் அடுப்பை விட்டு மாற்றச் சொல்லியிருக்கலாம். வேறு வேலை தருவது என்ற மூன்றாவது வரியை முதலாளிக்கு நினைவூட்டியிருக்கலாம். இரண்டையும் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தி, பிறகு பேசலாம் என்றார். நான் சாப்பிடவில்லை.

'பிறகு' என்றதன் பொருள் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டு விண்ணப்பத்தைப் பிழை பார்க்க என்னிடம் தந்தார். 'பயிற்சியின் பயன்' என்ற கட்டத்தில் முதல் வரி: 'டைபாய்டு கேரியர் ஒருவர் கண்டறியப்பட்டுப் பணியிலிருந்து அகற்றப்பட்டார்.'

"இந்த வரி வேண்டாம் மேடம்."

"பேர் போடலையே."

"அவங்கள அகற்றினதா நம்ம பயன்?"

"கை கழுவக் கத்துக்கிட்டாங்கன்னு எழுதினா எவன் மானியம் குடுப்பான்? நீயே சொல்லு."

குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு விடுதி பார்த்துக் கொடுத்தபோது பேசிய அதே குரல். என் விண்ணப்பத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னது ஏன் என்று அப்போது புரிந்தது. அந்த மூன்று வரிகளும் மானியம் தருபவர்கள் படிப்பதற்காகத்தான் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நடப்பதற்காக என்று நான் எழுதியிருந்தேன். பிழை எதுவும் இல்லை என்று குறித்துத் தாளைத் திருப்பித் தந்தேன். உண்மையில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. மாத இறுதியில் விலகினேன்.

சிகிச்சை எங்கள் பொறுப்பு என்ற இரண்டாவது வரியை மட்டும் நானே நிறைவேற்றினேன். நாலு வாரம் மாத்திரை, பிறகு இடைவெளி விட்டு மூன்று பரிசோதனை. மூன்றிலும் கிருமி இல்லை. சான்றிதழோடு அக்காவைச் சமையற்கூடத்துக்கு அழைத்துப் போனேன். முதலாளி அதை இரண்டு முறை படித்தார். மற்ற பெண்கள் பயப்படுகிறார்கள் என்றார். அடுப்பருகே நின்ற அந்தப் பெண்கள் எங்களைப் பார்க்கவில்லை.

பேருந்து நிறுத்தம்வரை அக்காவோடு நடந்தேன். வேறு சமையற்கூடங்களில் கேட்டுப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

"வராதம்மா," என்றார். "நீ நல்லவதான். ஆனா நீ எங்க தெருவுக்குள்ள வந்தாலே, இன்னும் இவளுக்கு அது போகலன்னு பேசிக்கறாங்க."

பேருந்து வந்தது. அவர் பெண்கள் பக்கம் ஏறிக்கொண்டார். நானும் அதே பேருந்தில்தான் போக வேண்டும். அடுத்ததுக்காக நின்றேன்.