பானெட் மேல் பெட்ரோல் கேன், பக்கத்தில் சூடத்தட்டு

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மலைமேல் புதூர்நாட்டில் டீச்சர் வேலை. கைக்குழந்தையைத் திருப்பத்தூரில் நாத்தனாரிடம் விட்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் மலை இறங்கினால்தான் பிள்ளை முகம். மழைக்காலத்தில் பஸ் எட்டிப் பார்க்காது. இருந்தது ஒரே ஒரு ஜீப். ஒரு வாரம் அதைத் தவறவிட்டு அடுத்த வாரம் போனேன். பிள்ளை என்னைப் பார்த்ததும் நாத்தனார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அந்த ஜீப் ராணுவம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளியது. வாங்கினவரே ஓட்டுவார், அவரே ரிப்பேரும் பார்ப்பார். அடிவாரத்துக் கிறிஸ்தவர். உள்ளே ஜெபமாலை தொங்கும்; மலைக்காரர்கள் மனசு நோகக்கூடாதென்று வெளியே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். எல்லா சாமியும் உண்டு, ஃப்யூஸ்தான் கிடையாது. அந்த இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டிச் சொருகியிருந்தார். டேங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கிற பம்ப் செத்து ஒரு வருஷம். அதனாலென்ன, பானெட் மேல் ஒரு கேனைக் கயிற்றால் கட்டி, டியூப் வழியாக இன்ஜினுக்குப் பெட்ரோலை இறக்கிவிட்டார் மேதை. டியூப் ஒழுகினால் துணி சோப்பைப் பிசைந்து அப்புவார். அவர் சட்டை பார்த்த சோப்பைவிட ஜீப் பார்த்த சோப்பு அதிகம்.

என் வீட்டுக்காரர் கார் வயரிங் வேலை பார்ப்பவர். அவரிடம் கேட்டு எனக்கும் நாலு விஷயம் தெரியும். ஒரு சனிக்கிழமை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "ஒழுங்கா ஒரு ஃப்யூஸ் போடுங்க, டியூபை மாத்துங்க. தீப்பிடிச்சா இத்தனை பேரும் காலி" என்றேன்.

"இன்னா டீச்சரம்மா, ஏறும்போதே வாய் வைக்கிறீங்க? அதுக்குத்தான் சூடம் காட்றோமில்ல" என்றார்.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி, சூடம் காட்டாமல் வண்டியை யாரும் மலை இறங்க விடமாட்டார்கள். அன்றைக்குச் சந்தைக்குப் புளி கொண்டுபோகிற பெரியவர் ஒருத்தர் தட்டோடு இறங்கினார். காலையிலிருந்து பெய்த மழை சோப்பைக் கரைத்திருந்தது. டியூபிலிருந்து சொட்டுவது எனக்கே தெரிந்தது. "ஐயா, கிட்ட போவாதீங்க" என்று கத்தினேன். அவர் பயபக்தியோடு பானெட்டைச் சுற்றித் தட்டைக் காட்டினார். மூன்றாவது சுற்றில் குப்பென்று பிடித்துக்கொண்டது.

எல்லாரும் குதித்து ஓடினார்கள். ஒருத்தர் குடத்துத் தண்ணீரை ஊற்ற, நெருப்பு பெட்ரோலோடு சேர்ந்து சக்கரம் வரைக்கும் ஓடியது. புளி மூட்டைகளின் மேல் போட்டிருந்த சாக்கு மழையில் ஊறிக் கனத்திருந்தது. நான் அதை உருவி பானெட் மேல் போட்டு அமுக்கினேன். பிறகுதான் நாலு பேர் மண்ணை வாரிப் போட்டார்கள். கேன் வெடிக்காமல் தப்பித்தோம். ஓட்டுகிறவருக்குப் பாதி மீசை போனது. எனக்குக் கை கொப்பளித்தது.

நன்றி சொல்வார்கள் என்று நின்றேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். "சாமி காப்பாத்திச்சு. இந்தம்மா வாய்தான் சரியில்ல" என்றார் பெரியவர். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீயை வைத்தவர் பக்தர், அணைத்தவள் கருநாக்குக்காரி.

அடுத்த சனிக்கிழமை ஜீப் தயார். கருகின பானெட் மேல் புதுக் கேன், பழைய டியூப், தாராளமாகச் சோப்பு. எலுமிச்சம்பழம் மட்டும் ஒன்றுக்கு மூன்றாகியிருந்தது. ஓட்டுகிறவர் என்னை ஏறவிடாமல் கையை நீட்டினார்.

"வர்றதுன்னா வாங்க டீச்சரம்மா. ஆனா கீழ போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்கன்னா அங்கயே எறக்கி வுட்ருவேன்."

ஏறிக்கொண்டேன். பக்கத்தில் மடியில் கைக்குழந்தையோடு ஒரு மலைக்காரப் பெண். இறக்கத்தில் வண்டி நின்றது. பெரியவர் தட்டில் சூடத்தை ஏற்றினார். அவள் மூக்கைச் சுளித்து என்னிடம், "இன்னாக்கா, பெட்ரோல் வாடை வர்ற மாதிரி இல்ல?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றேன்.