கயிற்றில் எனக்கு முன்னால் இருந்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலைக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு நான் வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சாமையும் கேழ்வரகும் விளைகிற கொஞ்சம் நிலமும் நாலு புளியமரமும் இருந்தன. திருப்பத்தூரில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் எழுதப் படிக்கத் தெரியும். நிலம் அளக்க வருகிறவர்களும் மூலிகை தேடி வருகிறவர்களும் ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்தால் என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

வழிகாட்டுவது எனக்குப் பிடித்த வேலை என்று பலர் நினைத்தார்கள். உண்மையில், கூட வருகிற ஒவ்வொருவரும் பத்திரமாகக் கீழே இறங்கும்வரை எனக்கு நிம்மதி கிடையாது. சோறு சரியாக இறங்காது. அதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

ஒரு மார்கழி மாதக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு மேஜர் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வடக்கே மலையேற்றப் பயிற்சி முடித்தவர். வருகிற கோடையில் இமயமலையில் இருபதாயிரம் அடிக்கு மேலான ஒரு பனிச்சிகரத்துக்கு ஒரு குழுவைக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஆட்களைச் சோதித்துப் பார்க்க எங்கள் மலையில் நான்கு நாள் பயிற்சி. அவரோடு மூன்று பேர். ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர், ஒருவர் கல்லூரி ஆசிரியர், மூன்றாமவர் வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்.

நான் அவரைப் பாய் என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். மற்றவர்களின் பட்டணத்துப் பேச்சுக்கு நடுவில், 'இன்னாண்ணே, இன்னும் எவ்ளோ தூரம்?' என்று எங்கள் பக்கத்துத் தமிழில் கேட்கிற ஆள் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாலு பேரிலும் அவர்தான் முன்னால் நடந்தார். மேஜர் அவரைப் பார்த்து மெச்சித் தலையாட்டியதை நான் கவனித்தேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். கரையில் பாய் கிடந்தார். முதலில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. எனக்கு அது புதிது இல்லை. என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு உண்டு. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரில் கையில் இரும்பைத் திணிப்பார்கள். அக்காவுக்கு அதனால் ஒரு பலனும் இருந்ததில்லை என்பதால் நான் திணிக்கவில்லை.

தெளிந்ததும் அவர் முதலில் பார்த்தது கூடாரம் இருந்த பக்கம்தான். யாரும் வரவில்லை என்று தெரிந்தபிறகு பேசினார். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் வரும், மாத்திரை சாப்பிடுகிறேன் என்றார். வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியின் வாசனை, எங்கே இருந்தாலும், மூக்கில் அடிக்குமாம். அதை வைத்து எப்படியாவது ஒதுங்கிப் படுத்துக்கொள்வாராம். வீட்டில் அவரை சைக்கிள் ஓட்ட விட்டதில்லை, பாலாற்றில் இறங்க விட்டதில்லை. இந்த மலைப் பயணம் ஒன்றுதான் அவரே தேடிக்கொண்டது.

"மேஜர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே. சொன்னா என்ன இங்கயே வுட்டுடுவாரு."

சரி என்று சொல்லிவிட்டேன். அக்காவைக் கிணற்றுக்குப் போகாதே, அடுப்பைத் தொடாதே என்று நாங்கள் எல்லோரும் மறித்து மறித்து, அவள் பகல் முழுக்க முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் கண்முன்னால் வந்தது. அதனால்தான் சரி என்றேன். ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதே, நாளைக்குப் பாறையில் கயிறு கட்டி ஏறப்போகிறோம் என்பது நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் அந்த நினைவு என்னைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் ஏறவேண்டிய பாறை எங்கள் ஊருக்கு மேற்கே இருந்தது. சுவர் மாதிரி நேராக நிற்கும். தேன் எடுக்க அதில் நான் கயிற்றில் இறங்கியிருக்கிறேன், கீழிருந்து ஏறியதில்லை. மேஜர் எல்லோரையும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டினார். மேலே அவர், அடுத்து வங்கிக்காரர், அடுத்து கல்லூரி ஆசிரியர், அப்புறம் பாய். என்னைக் கீழேயே இருக்கச் சொன்னார். நானும் வருகிறேன், கல் எங்கே பெயரும் என்று எனக்குத்தான் தெரியும் என்று சொல்லிப் பாய்க்குப் பின்னால் என்னைக் கட்டிக்கொண்டேன்.

ஏறும்போது நான் பாறையைப் பார்க்கவே இல்லை. எனக்கு மேலே இருந்த அவருடைய குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கணம் நின்றால் நானும் நின்றேன். கயிறு லேசாகத் தளர்ந்தாலும் பிடியை இறுக்கினேன். பாதி உயரத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குத் திட்டு ஒன்று உண்டு. அதில் பாறைப் பிளவுக்குள் வேர்விட்ட ஒரு இச்சி மரம். முன்னால் போன மூவரும் அதைத் தாண்டி மேலே புடைத்திருந்த பாறைக்கு அந்தப்பக்கம் மறைந்துவிட்டார்கள். பாய் திட்டில் காலை வைத்தார். நான் இரண்டு ஆள் உயரம் கீழே இருந்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, வாசனை வருது."

அந்த இரண்டு ஆள் உயரத்தை எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முழங்கால் இரண்டும் கிழிந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். நான் திட்டில் ஏறும்போது அவர் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த கயிற்றை இச்சி வேரில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தேன். அவரைப் பாறைப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பதற்குள் வெட்டு ஆரம்பித்துவிட்டது. நான் வெளிப்பக்க விளிம்பில் அவருக்கு அணையாகப் படுத்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு உதறலுக்கும் அவர் உடம்பு என்னை வெளியே தள்ளியது.

மேலேயிருந்து கயிற்றை இழுத்தார்கள். என்ன ஆச்சு என்று மேஜர் கேட்டார். பாய்க்குக் கால் மரத்துப்போய்விட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

வெட்டு நின்றதும் பிழைத்தோம் என்று நினைத்தேன். பயங்கரம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவருக்குக் கண் திறந்துவிட்டது, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, ஏதோ இறுக்குகிறது என்பதுபோல, இடுப்பு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மறுபடி முடிச்சுக்குப் போனார். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளையும் என் மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாணியம்பாடி, உங்கள் கடை, உங்கள் அம்மா என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. "இன்னா ஆச்சுண்ணே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது.

கீழே இறங்குவதைவிட மேலே போவது பக்கம். மேலே இருந்தவர்களிடம் கயிற்றை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, பின்னாலிருந்து காலைத் தாங்கித் தாங்கி அவரை ஏற்றினேன். உச்சியில் மேஜர் அவர் தோளில் தட்டி, கால் மரத்தும் விடாமல் ஏறியதைப் பாராட்டினார். பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி நாள் அவர்கள் புறப்படும் முன்பு மேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். என்னைப் போன்ற ஒருவனிடம் அபிப்பிராயம் கேட்கிற பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"நீ நாலு நாளா எல்லாரையும் பார்த்திருக்கே. இவங்கள்ல யாரையாவது நான் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு உனக்குத் தோணுதா?"

என்னால் அந்த இடத்தில் சொல்லியிருக்க முடியும். எல்லோரும் நன்றாகத்தான் ஏறினார்கள் என்றேன்.

ஆலங்காயம் வரை கூடவே இறங்கிப் போனேன். வழியில் பாயைப் பின்தங்க வைத்து, நான் சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். ஊருக்குப் போய்ச் சொல்றேண்ணே என்றார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த அழுத்தத்தை நான் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

தபால்காரர் எங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறைதான் நடந்து வருவார். தை போயிற்று. மாசிக் கடைசியில் பாயிடமிருந்து ஒரு கார்டு வந்தது. குழுவில் தேர்வாகிவிட்டதாகவும், டாக்டர் சோதனையில் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், சித்திரை முடிவதற்குள் ரயில் ஏறுவதாகவும் எழுதியிருந்தார். உங்களை மறக்கமாட்டேன் என்று முடித்திருந்தார். சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பனி வந்துவிட்டது. நான் பார்த்தே இராத பனி. கேழ்வரகு அடிக்கும்போதும் சந்தைக்கு நடக்கும்போதும் ஒரு வெள்ளைச் சரிவில் நாலு பேர் கயிற்றில் தொங்குவது தெரிந்தது. அங்கே இச்சி மரம் ஏது? முடிச்சை அவிழ்க்கிற கையைப் பிடிக்க யார்? சொன்னால் அவருடைய ஒரே ஆசையைக் கெடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் நாலு பேருக்கும் நான் பதில் சொல்லவேண்டும். இரண்டு தடவை காகிதத்தை எடுத்து எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோவதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். பாய்க்கு என்ன என்பதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவள் கையில் இருந்த புளியைக் கீழே வைத்தாள்.

"என்னக் கிணத்தாண்ட போவாதன்னு சொல்றீங்களே, எனக்கு இன்னிக்கும் கோவம்தான் வருது. ஆனா உங்கூட தண்ணி எடுக்க வர்றப்ப உனக்கு என்னப் பத்தித் தெரியும். அந்தப் பாய் பின்னால கவுறு புடிக்கிறவனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவள் புளியை மறுபடி கையில் எடுத்தாள்.

அன்றைக்கே, மேஜர் கொடுத்துவிட்டுப் போன விலாசத்துக்கு எழுதினேன். தபால்காரருக்காகக் காத்திருந்தால் ஒரு வாரம் போய்விடும் என்று ஆலங்காயம் வரை நடந்து பெட்டியில் போட்டேன். கடிதம் கையை விட்டதும் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. விலாசம் சரியாக எழுதினேனா, மேஜர் ஊரில் இருப்பாரா, கிடைத்து அலட்சியமாக விட்டுவிடுவாரா என்று புதுக் கவலைகள் வந்தன. பங்குனி முழுக்கத் தபால்காரர் வருகிற நாளில் காலையிலேயே ஊர் எல்லையில் போய் நிற்பேன். அவர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுவார். சித்திரை பிறந்தது, பாதியும் போயிற்று. ரயில் ஏறியிருப்பார்கள் என்று முடிவுசெய்து, அந்தக் கவலையிலேயே காய்ச்சலில் படுத்தேன்.

நான் படுத்திருந்தபோதுதான் மேஜரின் கடிதம் வந்தது. அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். நாலு வரி. என் கடிதம் கிடைத்தது. நேரில் கேட்டபோது பாய் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவர் வரவில்லை. கடைசி வரியை நான் பலமுறை படித்தேன்: நான் கேட்ட அன்றே நீ சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கோடை முடிந்து மழை வந்தது. குழு சிகரத்தைத் தொடாமலேயே, மோசமான காற்றினால் பாதியில் திரும்பிவிட்டதாகவும், எல்லோரும் நலமாக ஊர் சேர்ந்ததாகவும் கல்லூரி ஆசிரியர் ஒரு கார்டு போட்டிருந்தார். பாயிடமிருந்து எதுவும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, புளி மூட்டை விஷயமாக வாணியம்பாடிக்குப் போனவன் அவர்கள் கடையைத் தேடிப் போனேன். வாசலில் நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே பார்த்துவிட்டார். கொஞ்சம் பருத்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா பாய். நான்தான்."

அவர் கல்லாப்பெட்டியை மூடினார். பிறகு உள்ளே திரும்பி டீ கொண்டுவரச் சொன்னார். அவர்தான் பேசினார். ஒரு வருஷம் போல என்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தாராம். மேஜர் முகத்துக்கு நேரே கேட்டபோது பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்ததாம். போன வருஷம் அவருக்குக் கல்யாணம் பேசினார்கள். வீட்டில் எல்லோரும் வலிப்பை மறைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தானே பெண் வீட்டுக்குப் போய், பெண்ணின் தகப்பனாரிடம் சொல்லிவிட்டார். முதல் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் பெண்ணே சரி என்றாளாம்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேண்ணே," என்றார். "இன்னும் ஆவல. ஆனா வந்தீங்களே, அது போதும்."

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். வழியில் அக்காவைப் பற்றி அவரிடம் சொன்னேன். என் மூட்டையை அவரே தூக்கிப் பஸ்ஸில் வைத்தார். அதன்பிறகு அவர் மலைக்கு வந்ததில்லை. ரம்ஜானுக்கு மட்டும் யாராவது ஆலங்காயம் வருகிறவர்களிடம் சேமியா கொடுத்தனுப்புவார். அக்காவுக்கு என்று தனியாக ஒரு பொட்டலம் இருக்கும்.

நான் இன்னும் பத்து வருஷம் போல ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிவிட்டுத்தான் நடக்கவேண்டும்.