பிஸ்டலில் எழுதியிருந்த நாடு

மகள் தனியாகக் குடிபோய் ஆறு மாதமாகியும் நான் அவளுடைய வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கலியாணம் கட்டாமல் போனதில் அப்பாவுக்குக் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்குப் பயம். அதை எப்படிச் சொல்வது?

எல்லாம் அந்த விலாசத்தால் வந்த வினை. அவள் அனுப்பியதும், சும்மா கிடக்காமல், அந்த இடத்தின் பழைய கதையைத் தேடினேன். இன்று கண்ணாடிக் கொண்டோ அடுக்குமாடிகள் நிற்கும் அந்த ரொறன்ரோத் தெருக்களில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இருந்திருக்கிறது. அங்கே செய்த பிஸ்டலின் படத்தைப் பெரிதாக்கினேன்.

அதை எனக்குத் தெரியும். இருபது வயதில், ஊரில், பஸ்ஸிலிருந்து என்னையும் முன்பின் தெரியாத இன்னொருவனையும் இறக்கிப் பள்ளிக்கூட அறையொன்றில் இருத்தினார்கள். விசாரித்தவன் இடுப்பிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தான். ஆமியா இயக்கமா, ஆருடைய ஆள் என்று கேட்காதீர்கள். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து, பின்னேரம் முழுக்க அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பனிப் பெயர். பக்கத்தில், ஆங்கிலத்தில், கனடா. பொழுதுபட என்னைப் போகச் சொன்னான். மற்றவனைப் பிறகு ஒருவரும் காணவில்லை.

இருப்புக்கொள்ளவில்லை. போனும் கையுமாக வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து வாசித்தேன். அந்தப் பிஸ்டலை வடிவமைக்கத் தொடங்கிய அமெரிக்கர், முடிக்கும் முன்பே பெல்ஜியத்தில், வேலையிடத்திலேயே செத்துப்போனார். கூட வேலைசெய்தவர் பல வருடம் மினக்கெட்டு முடித்தார். பதின்மூன்று குண்டு கொள்ளும். ஜெர்மன்காரர் பெல்ஜியத்தைப் பிடித்ததும் அங்கிருந்த தொழிற்சாலை அவர்களுக்காக அதைச் செய்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிப் போன பொறியியலாளர்கள் உதவ, எதிர்ப்பக்கத்துக்காக ரொறன்ரோவும் அதையே செய்தது. முதலில் சீனாவுக்காம். எங்கள் ஊருக்கு எந்த வழியால் வந்ததோ, ஆர் கண்டது! போர் முடிய, அதே ரொறன்ரோக் கம்பனி உடுப்புத் தோய்க்கும் மெசின் செய்ததாம். சீ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்பவும் எடுத்தேன்.

போன ஞாயிறு மனைவி பொறுமையிழந்தாள். “இஞ்சேருங்கோ, இண்டைக்கு நீங்கள் தனியப் போய்ப் பிள்ளையைப் பாக்காட்டி, நான் உங்களோடை கதைக்கமாட்டன்.”

ஸ்காபரோ வீட்டிலிருந்து காரை எடுத்தேன். பார்க்கிங் இல்லை என்று எனக்கே பொய் சொல்லி, அந்தக் கட்டடத்தை மூன்று தரம் சுற்றினேன்.

“இருங்கோவன் அப்பா,” என்றாள் மகள். என்னால் இருக்க முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“ஆறு மாசமா உங்களுக்கு என்னிலை கோவம் எண்டு அழுதுகொண்டிருந்தன். ஒரு டெக்ஸ்ட் போட்டிருக்கலாமே?”

“ஓம் பிள்ளை. பிழைதான்.”

“மற்ற ஆள்? அவருக்கு என்ன பேர்?”

“கேக்கேல்லை, பிள்ளை. பயத்திலை அதைக்கூடக் கேக்கேல்லை.”

அவள் அலுமாரியிலிருந்து ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத ஒரு பானையை எடுத்தாள். “நீங்கள் வராமல் இந்த வீட்டிலை நான் பால் காய்ச்சேல்லை. இவ்வளவு நாளும் கோப்பிகூடப் பிளேன்தான்.”

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. புகை அலாரம் கத்த, அவள் துவாயை வீசி வீசி அதை அடக்கினாள். பிறகு மூன்று கப்பில் பாலை ஊற்றினாள்.

“அம்மா வரேல்லையே,” என்றேன்.

“தெரியும். இது அந்த மற்ற ஆளுக்கு,” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதிரையை இழுத்து, அந்த மூன்றாவது கப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.