துப்பாக்கிக்காரர் சிலைக்கு நான் எழுதிய நான்கு வரி

கல்லில் என் எழுத்து மொத்தம் பதினோரு நாள் இருந்தது. அச்சில் வந்த என் இரண்டு புத்தகங்களையும் படித்தவர்களைவிட அதைப் படித்தவர்கள் அதிகம்: மீன் ஏலம் எடுக்க வந்தவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், படகு வரும்வரை போக்கிடம் இல்லாமல் நின்றவர்கள். பன்னிரண்டாம் நாள் நானே உளி எடுத்துக் கொத்தித் தள்ளினேன்.

பொன்னேரியில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. மிச்ச நேரத்தில் வசனகவிதை. ஐம்பது வயதாகியும் ஓரிடத்தில் தங்காத கால் எனக்கு. காலையில் ஆரம்பாக்கம் ரயில், சாயங்காலம் பழவேற்காடு பஸ், நடுவே காற்றையும் நாரையையும் வைத்து ஏதாவது வரி. விற்காத புத்தகங்கள் பரணில் இருக்கின்றன. பரண் சற்று வளைந்திருக்கிறது. என் எழுத்துக்கு இதுவரை கனம் இருப்பதாக ஒப்புக்கொண்டது அந்தப் பலகை மட்டும்தான்.

எங்கள் ஏரியின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. வரைபடத்தில் ஓடுகிறது, தண்ணீரில் யாரும் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில், வலை கட்டும் இடம் யாருடையது என்று தென்கரைக் குப்பத்துக்கும் வடகரைக் குப்பத்துக்கும் சண்டை மூண்டபோது, எங்கள் கரைக்காரர் ஒருவர் படகு முனையில் துப்பாக்கியோடு எழுந்து நின்று ஒரு வெடி வெடித்தார். இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். பிறகு நடந்ததை டீக்கடைதான் முடிவு செய்தது. நான் பள்ளிக்கூடம் போன நாளில் அந்த ஒரு வெடிக்கு மூன்று பேர் விழுந்திருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆனபோது ஐந்து. போன வருடம் ஒன்பது. செத்து முப்பது வருடம் கழித்தும் மனிதர் சுட்டுக்கொண்டே இருந்தார்.

அவருக்குப் படகுத்துறையில் சிலை வைப்பதென்று குப்பத்து இளைஞர் மன்றம் தீர்மானித்தது. மன்றத் தலைவருக்கு என் வயது. சிலை செய்தவர் அதுவரை கோயில் காவல் சாமிகள் மட்டுமே செய்தவர். ஆகவே துப்பாக்கிக்காரருக்கு உருட்டிய கண்ணும், காதைத் தொடும் மீசையும் கிடைத்தன. துப்பாக்கி வடகரையைப் பார்த்து நீண்டது.

"சார், கீழ கல்லுல நாலு வரி வோணும்," என்றார் தலைவர். "படிக்கறவனுக்கு ஒடம்பு சிலுக்கணும்."

சிலிர்த்தது எனக்குத்தான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. எழுதினேன்:

ஒற்றை வெடியில் ஒன்பது உயிர் குடித்தாய்
உப்பு நீரில் எல்லைக்கோடு கிழித்தாய்
வடகரைத் தாய்மார் வயிற்றில் இன்னும் நெருப்பு
உறங்காது எந்தையே உன் துப்பாக்கி

அந்த மூன்றாம் வரிக்காக என்னை நானே தெருவில் நிறுத்திக் கைகொடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை அல்லவா? துப்பாக்கிக்காரருடைய ஒரே மகள் அறுபதை நெருங்கியவர். ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால், பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் காலைமுதல் பிடித்தது தண்ணீரோடு போய்விடும். அதனால் தண்ணீரில் இருக்கும் பெண்ணிடம் எங்கள் பக்கத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கரையேறட்டும் என்று காத்திருப்பார்கள். குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பொன்னேரி பஸ் இருந்தது.

பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு கையை வானத்துக்குத் தூக்கி, நான்கு வரியையும் வாசித்தேன். அவர் துழாவுவதை நிறுத்தினார். என்னையே பார்த்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. ஒரு சொல் பேசவில்லை.

'நெகிழ்ந்துவிட்டார்' என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஜன்னலோரம் என் கண்ணும் கலங்கியிருந்தது. அவருடையது ஏரித் தண்ணீர்.

கல்லில் வெட்டிய பதினோராம் நாள், வியாழக்கிழமை, அவர் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"அன்னிக்கு வாயில பறி கீது, நீ பாட்டுக்குக் கைய ஆட்டிக்கினு கத்திட்டுப் பூட்ட. ரெண்டு வாட்டி உன் வூட்டாண்ட வந்தேன். நீ இல்ல."

"அக்கா, வரி பிடிக்கலியா?"

"வரி இன்னா வரி! என் கடைசிப் பொண்ணுக்கு வடகரையில மாப்ள பாத்துகீறோம். ஞாயித்துக்கெழம நிச்சயத்துக்கு வர்றாங்க. படகு வந்து நிக்கறது அந்தத் துறையிலதான். மாப்ளயோட தாத்தாவும் வர்றாரு."

"வரட்டும்."

"இன்னா வரட்டும்? அன்னிக்கு எதுர்ப் படகுல இருந்தவரே அவுருதான், தம்பி. நீ சாவடிச்ச ஒம்போது பேருல ஒருத்தரு!"

மீதியையும் அவரே சொன்னார். அவருடைய நைனா ஆளைச் சுடுபவரே இல்லை. காட்டூர் வயலில் நெல் முற்றும் காலத்தில் பறவை விரட்டுவது அவர் வேலை. பண்ணைக்காரரின் துப்பாக்கி, உள்ளே குண்டு கிடையாது, சத்தத்துக்கு வெறும் மருந்து. அன்றைக்கும் ஆகாசத்தைப் பார்த்துத்தான் வெடித்தார். எட்டு நாள் கழித்து இரண்டு கரையும் உட்கார்ந்து, வலை கட்டும் இடத்தை முறைவைத்துப் பிரித்துக்கொண்டது. அந்த முறை இன்றும் நடக்கிறது.

"அவங்க அதப் படிச்சா எம் பொண்ணு வாழ்க்க அந்தக் கல்லோட போச்சு. நீதான் எழுதின. நீயே எதுனா பண்ணு."

அப்போது என் மனதில் முதலில் வந்ததை எழுதித் தொலைக்கிறேன்: மூன்றாம் வரியை மட்டும் காப்பாற்ற முடியுமா?

அன்று சாயங்காலமே படகுத்துறைக்குப் போய்ச் சொன்னேன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "யாரையும் சுடலன்னா அந்தாளுக்கு எதுக்கு சார் செல? ஊரே ஒம்போதுன்னுது."

"அந்த ஒம்பதுல ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட வர்றார்."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அப்ப எட்டுன்னு போட்டுக்கலாமா?"

அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கிக்காரரின் மகள் கரையேறி வந்தார். பறி இடுப்பில் இருந்தது, வாய் காலியாக இருந்தது. தலைவர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. முடிவில், "எழுதினவரே அழிச்சிக்கட்டும், நான் தடுக்கல," என்று நகர்ந்துவிட்டார்.

கல் வெட்டியவர் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, கடன் வாங்கிய உளியோடு நான் போனேன். முப்பது வருடம் ஊரார் பிழையைச் சிவப்பு மையில் அடித்தவன், என் சொந்த வரியை அடிக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது. ஏலக்கூடம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

"கவிஞரே, விரலுக்குப் பாட்டு எழுதுவியா?" என்றார் ஒருவர், நான் சுத்தியலைக் கட்டைவிரலில் போட்டுக்கொண்டபோது.

"இதுவர எழுதினதுல இதுதாம்பா நல்லா கீது," என்றார் இன்னொருவர், வெறும் கல்லைப் பார்த்து.

மூன்றாம் வரிக்கு வந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒருமுறை மெதுவாகப் படித்தேன். பிறகு அடித்தேன். கிரானைட் நெருப்பு அந்த வரியில்தான் கொஞ்சம் பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை படகு வந்தது. தட்டுகளோடு பெண்கள் முதலில் இறங்கினார்கள். கடைசியாக எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். துப்பாக்கிக்காரரின் மகள் என் அருகில் நின்றார்.

பெரியவர் சிலையை அண்ணாந்து பார்த்தார். தன் கரையை நோக்கி நீண்ட துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு தெலுங்கு கலந்த தமிழில், "இவருக்கு ஏதம்மா மீச?" என்று சிரித்தார். "கீழ ஏமி எழுதி இருந்துச்சி? ஏன் கொத்தி வெச்சிருக்காங்க?"

"எழுதினவரு அதோ நிக்கறாரு, அவுரயே கேளுங்க," என்று மகள் என்னைக் காட்டினார்.

ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கினாலும் எழுப்பிக் கவிதை சொல்பவன் நான். "ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

பந்தியில் பெரியவர் எதிரே எனக்கு இலை போட்டார்கள். பெண்ணைப் பிடித்துப்போன சந்தோஷத்தில் அவர் தானாகவே அந்த நாளைச் சொல்லத் தொடங்கினார். "நாங்க படகு தள்ற கொம்பத் தூக்கிட்டோம், அடிக்க. அவுங்களும் தூக்கிட்டாங்க. டமார்னு ஒரு சத்தம். ஏரில இருந்த அத்தன பூநாரையும் ஒரேடியா எந்திரிச்சிச்சி. ஆகாசம் செவந்துபூடுச்சி. கொம்பு புடிச்ச கையோட எல்லாரும் மேல பாத்துக்கினு நின்னோம். கண்ணக் கீழ எறக்கிப் பாக்கறப்ப, எதுக்கு வந்தோம்னே தெரியல."

முப்பது வருடமாக நாரையை எழுதுகிறேன். ஒன்றுகூட இப்படி எழுந்ததில்லை. என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. இதை அந்தக் கல்லில் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

துப்பாக்கிக்காரரின் மகள் குழம்பு வாளியோடு வந்து என் தோளில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினார்.

"தம்பி, அவுரு வாயில சோறு கீது."

பேனாவை உள்ளே வைத்தேன். அன்றைக்கும் எனக்குப் பொன்னேரி பஸ் இருந்தது. அது போகட்டும் என்று, பெரியவர் சாப்பிட்டுக் கைகழுவி வரும்வரை இலைமுன் உட்கார்ந்திருந்தேன்.