பாதி விலைக்கு ஒரு விலாங்கு

ஊறுகாய்ப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு நிற்கிறார் தொமோயே அம்மாள். வாசிப்பதெல்லாம் பாவனை. கண்ணெல்லாம் எதிரே உள்ள கண்ணாடியில். முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் இறால் வறுவலும், உருளைக்கிழங்கு கட்லெட்டும், சோறும் கோழியும் அடைத்த பெட்டிகளும் அதில் தெரியும். கடை மூடும் நேரத்தில் மிஞ்சியதற்கெல்லாம் பாதி விலைச் சீட்டு ஒட்டுகிற ஊழியர் வரவேண்டியதுதான் பாக்கி.

முன்கூட்டியே பெட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு, "இதுக்கும் ஒட்டிக் குடுங்க" என்று நீட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "அதெல்லாம் ஒரு பொழப்பா தம்பி? ஜெயிச்சு வாங்கணும்" என்பார் என்னிடம்.

ஒசாகாவில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். இவர் எங்களுக்கெல்லாம் ஒரு படி மேல். கோஸ் ஒரு கடையில், முட்டை இன்னொரு கடையில், தோஃபு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்று சைக்கிளை மிதித்து மிதித்து மிச்சம் பிடிப்பார். பிடித்த காசை அப்படியே பொரித்த பலகாரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். வாங்கிய கட்லெட்டில் ஒன்றாவது சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டாது. "வீட்ல பொரிச்சா எண்ணெய், கேஸ், அப்புறம் அடுப்பு வேற தேய்க்கணும். இதுதான்யா சிக்கனம்" என்பார், வாய் நிறைய கட்லெட்டோடு. அவரோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் தெருவில் இல்லை.

சட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். நன்றி சொல்ல மாட்டார். "எவ்வளவு இருக்கும்னு நெனைக்கிற?" என்று கேட்பார். நாம் கூட்டிச் சொல்ல வேண்டும். அவர் உண்மை விலையைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அது அலுத்ததே இல்லை.

போன கோடையில், ஊரே விலாங்குமீன் தின்கிற நாளில், மகள் ஷிஹோவின் மாமியார் டோக்கியோவிலிருந்து முதல் தடவையாக விருந்துக்கு வந்தார். விலையைப் பற்றிப் பேசுவதை அநாகரிகம் என்று நினைக்கிற ஊர் அது. அடுப்படியிலேயே மகள் கெஞ்சினாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும்மா. அவங்க முன்னாடி விலைய மட்டும் வாயில எடுக்காத. என் மானமே போயிடும்."

"ஏன்டி, நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

"அம்மா..."

"சரி சரி. சொல்லல."

சற்று முன்புதான் கடையிலிருந்து வந்த, சுட்ட விலாங்கு. அரிசி மது தெளித்து, வாணலியில் மூடி வைத்துச் சூடாக்கி, பளபளக்கும் மரப்பெட்டிகளில் சுடுசோற்றின் மேல் பரப்பினார் தொமோயே அம்மாள். விலாங்கு வந்த பெட்டிகளின் பிளாஸ்டிக் மூடிகளை மகளே குப்பைக்கூடையின் அடியில் திணித்து, மேலே செய்தித்தாளைப் போட்டு மூடினாள். பக்கத்து வீடு என்பதால் எனக்கும் ஒரு பெட்டி கிடைத்தது.

சம்பந்தியம்மாள் நிமிர்ந்த முதுகோடு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். குச்சிகளைக் கீழே வைத்தார். "இவ்வளவு மெத்துன்னு விலாங்கு நான் சாப்பிட்டதே இல்ல. பெரிய கடையில முன்னாடியே சொல்லி வெச்சிருந்தீங்களோ?"

தொமோயே அம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினார். தும்மலை அடக்குகிறவர் போலிருந்தது முகம். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஷிஹோ தலையைத் தூக்கவில்லை.

சம்பந்தியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்க... எவ்வளவு ஆச்சு?"

தொமோயே அம்மாள் மகளைப் பார்த்தார். ஷிஹோ ஒரு நீண்ட மூச்சு விட்டாள். "சொல்லித் தொலைம்மா."

அவர் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். குப்பைக்கூடைக்குள் முழங்கை வரை கைவிட்டு ஒரு மூடியை எடுத்தார். சமையல் மேலங்கியில் துடைத்தபடி வந்து, பாதி விலைச் சீட்டு சம்பந்திக்கு நேராக இருக்கும்படி, இரண்டு கைகளாலும் அவர் முன்னால் வைத்தார்.