அம்மாவின் காலடியில் வைத்த மூட்டை

பிள்ளைகளே, அம்மாவை அடக்கம் செய்த அன்று குழிக்குள் அம்மாவின் காலடியில் ஒரு துணி மூட்டையை வைத்தார்கள். அது என்ன என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதுக்குழி வெட்ட இடம் கிடையாது. ஒரு குடும்பத்தில் யாராவது இறந்தால் அந்தக் குடும்பத்தின் பழைய குழியைத்தான் திறப்பார்கள். உள்ளே மிஞ்சிய எலும்புகளைத் துணியில் கட்டி, புதிதாக வருகிறவரின் காலடியில் வைத்து மூடிவிடுவார்கள். நம் குழியைப் போன வருஷம்தான் உங்கள் தாத்தாவுக்காகத் திறந்தோம். அவர் உடல் மக்குவதற்குள் மறுபடி திறக்கக் கூடாது. காமாலை முற்றி அம்மா தருமபுரி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நான் அழக்கூட இல்லை. எங்கே வைப்பது என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் கமிட்டிக்காரர் வீட்டுக்கே வந்து, இங்கே இடமில்லை, டவுன் இடுகாட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். அங்கே ஒரு மழை பெய்தால் யார் மேடு எது என்று தெரியாது. நீங்கள் மெழுகுவத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

பொம்மிடியிலிருந்து வந்திருந்த என் அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார். துரைசானி குழி நம்முடையதுதானே என்றார்.

மதிலோரம் சிலுவை இல்லாமல் ஒரு கல்மேடு இருந்ததே, நீங்கள்கூட அதில் ஏறிக் குதித்திருக்கிறீர்கள், அதுதான். உங்கள் தாத்தா உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்கவிட்டதில்லை. ஊரில் நம்மை 'வெள்ளக்காரி வூடு' என்று கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் வந்து முகம் சிவந்தால், "தொரைக்குக் கோவம் வந்துருச்சு" என்று உங்கள் அம்மாவே சிரிப்பாள்.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி அத்தை தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், ஒரு சிப்பாயின் மனைவியாகக் கப்பலில் வந்த வெள்ளைக்காரியாம் அந்தத் துரைசானி. வந்த கொஞ்ச நாளில் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். திரும்பிப் போக வழியில்லை. இந்தப் பக்கம் வந்த ஒரு பாதிரிச் சாமியாருக்குச் சமைக்க, தைக்க என்று மாட்டு வண்டியில் கூடவே வந்தாள். பிறகு அந்த வண்டியை ஓட்டியவரோடு வாழ்ந்தாள். அவர்தான் நம் முன்னோர். கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை. அதனால் செத்த பிறகு மதிலோரம் ஒதுக்கிவிட்டார்கள். பெற்ற பிள்ளைகளில் ஒன்றுதான் தங்கியது. அந்த ஒன்றிலிருந்துதான் நாம்.

கமிட்டிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் உங்கள் ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

அத்தை எழுந்திருக்கவில்லை. "ஏம்பா, நான் கொடத்தத் தூக்கிட்டுத் தண்ணிக்குப் போனா, வெள்ளக்காரி வூட்டுப் பொண்ணு போவுது பாருன்னு கத்துனது யாரு? உங்கப்பன் கத்துனான், கூட நின்னு நீயும் கத்துன. அன்னைக்கு உனக்குத் தெரிஞ்சது இன்னைக்குத் தெரியலியா?"

வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் தலையை ஆட்டினார். கமிட்டிக்காரர் தரையைப் பார்த்தபடி, சரி, திறங்க என்றார்.

குழி வெட்டியவர் மண்ணோடு சேர்த்து எலும்புகளை மேலே எடுத்து வைத்தார். "இவ்ளோ சின்ன ஆளாங்க?" என்று என்னிடம் கேட்டார். எத்தனை காலமாக ஊரே சொல்லிச் சிரித்த துரைசானி, உங்கள் அம்மா உயரம்கூட இருந்திருக்க மாட்டாள். அந்த மூட்டை என் கைக்கு வந்தபோது கனமே இல்லை.

காரியம் முடிந்த பிறகு புதுச்சேரிக்குப் போய், பழைய பதிவேடுகள் இருக்கும் இடத்தில் அவளைப் பற்றி விசாரித்தேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். அத்தைக்கும் தெரியாது. பெயர் இல்லாமல் எப்படித் தேடுவது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் எந்த ஊர்க்காரி, அங்கே அவளுக்கு யார் இருந்தார்கள், ஒன்றும் தெரியாமல் பஸ் ஏறி வந்தேன். சிலுவையில் அம்மா பெயர் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு நாள் எனக்காக நீங்கள் அந்தக் குழியைத் திறப்பீர்கள். அதற்குள் அந்தத் துணியும் மக்கிப்போயிருக்கும். எது அம்மா, எது அவள் என்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே துணியில் கட்டி என் காலடியில் வையுங்கள்.