கை மட்டும் பேசிய காடு

அது செம்மஞ்சள் நிறத் தொப்பி. வேட்டைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் மான் என்று எண்ணிச் சுட்டுவிடாமல் இருக்க அணிவது. நாள் கிழமைகளை மறக்காத பழக்கம் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன், கந்தசஷ்டி விரதம் முடிந்த முதல் சனிக்கிழமை விடியற்காலையில்தான் அன்ரி அதை என் தலையில் வைத்தார். "கோணலாக் கிடக்கு," என்று இழுத்து நேராக்கினார்.

அன்ரி என் தாயின் சிநேகிதி. குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் வீடு, மருத்துவமனையில் தாதி வேலை. உடன் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பழக்கிவிட, ஐம்பது வயதுக்குப் பிறகு வேட்டைத் துவக்குக்கு உரிமம் எடுத்தவர். அவருடைய கணவர், அங்கிள், மச்சம் மாமிசம் தொடமாட்டார். அதனால் மான் இறைச்சி கராஜோடு நின்றுவிடும், சமைக்கக் குசினிக்குள் வராது.

மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாகனத் தரிப்பிடத்தில்தான் அன்ரி வேட்டைக்குப் பெண்களைப் பிடிப்பார். "முருகன் வள்ளியை எங்க கண்டவர்? காட்டிலதானே. நீங்களும் வாங்கோவன்."

"மானைக் கண்டா நான் கும்பிட்டுக்கொண்டு நிண்டிடுவன் அன்ரி," என்றாள் ஒருத்தி.

"கும்பிடு. சத்தம் போடாமல் கும்பிடு."

அப்படித்தான் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தோம். புட்டும் தேநீர்க் குடுவையும் சுமந்து வந்தவர்களே அதிகம். கணவர் கார் ஓட்டாமல் எங்கும் போயிராதவர்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கப் பழகினார்கள். காட்டுக்குள் வாய் பேசக்கூடாது, கைதான் பேச வேண்டும் என்பது அன்ரியின் சட்டம். மூடிய கை என்றால் நில். விரித்த கை என்றால் மான் அந்தப் பக்கம்.

பிறகு அவருடைய கண்கள் மங்கத் தொடங்கின. போன பார்வை திரும்பாது என்றார் வைத்தியர். துவக்கை அவரே பொலிஸில் ஒப்படைத்தார். குழுவை நடத்தும்படி ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தார். பிள்ளைகளின் டியூஷன், இரவு வேலை என்று எல்லோரிடமும் நியாயமான காரணம் இருந்தது. என்னிடமும் இருந்தது.

சென்ற குளிர்காலத்தில் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "சுட இல்லைப் பிள்ளை. கிட்ட ஒரு மான் நிக்குது எண்டு தெரிஞ்சாப் போதும்."

காட்டு விளிம்பில் மடக்குக் கதிரையை விரித்து அவரை உட்காரவைத்தேன். வேறு வேட்டைக்காரர்கள் வரக்கூடிய இடம் என்பதால் இருவரும் தொப்பி போட்டிருந்தோம். சற்றுத் தள்ளி மரத்தடியில் நான் நின்றேன். மான் வந்தது. சத்தமே இல்லாமல், மிக அருகில். பழக்கத்தில் கையை விரித்துக் காட்டிவிட்டேன். அன்ரியின் முகம் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. வாய் திறந்தால் அது ஓடிவிடும். அவரிடம் போய்க் கையைத் தொடலாம் என்றால், இடையில் முழுக்கக் காய்ந்த யூகலிப்டஸ் பட்டைகள், கால் வைத்தால் முறியும். விரித்த கையோடு அப்படியே நின்றேன். மான் புல் மேய்ந்தது, தலை தூக்கிப் பார்த்தது, மரங்களுக்குள் போய்விட்டது.

வெகுநேரம் கழித்து, "ஒண்டும் வரேல்லையே?" என்று கேட்டார்.

"வந்தது அன்ரி. கை காட்டினனான்."

"சரியாத்தான் செய்திருக்கிறாய்," என்றார்.

பிறகு எழுந்து, கையால் துழாவி என் தலையைக் கண்டுபிடித்து, தொப்பியை இழுத்து நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது.